பாட்டு டீச்சர் மகள்

சந்தனம் காய்ந்துவிட்டால் சிரிக்க முடியாது என்று வினோதினிக்கு யாரும் சொல்லி வைக்கவில்லை. இரண்டு கன்னமும் இழுத்துப் பிடித்தன. போகட்டும், சிரிக்காமல் இருக்க ஒரு சாக்கு கிடைத்தது. ஏழாம் மாத வயிற்றைத் தூக்கிக்கொண்டு அலங்கார நாற்காலியில் உட்கார்ந்தாயிற்று. முன்னால் தாம்பாளம் தாம்பாளமாக வளையல், பக்கத்தில் பன்னீர்ச் செம்பு. கடைசி ஆள் வளையல் போட்டு முடிக்கும்வரை எழுந்திருக்க வழியில்லை. ஈரோட்டில் வேறு எந்தப் பெண்ணுக்கும் புருஷன் வழியில் இத்தனை அத்தைமார் இருக்க முடியாது. ஒருத்தர் நகர்ந்தால் இன்னொருத்தர் வந்தார். பன்னீர் தெளித்து, சந்தனம் பூசி, சிவப்பில் ஒன்று பச்சையில் ஒன்று என்று கையில் ஏற்றி, "நல்லபடியா பெத்துப் பொழைச்சு வா கண்ணு" என்று கன்னத்தை வழித்துவிட்டுப் போனார்கள். எல்லாருக்கும் தலையாட்டினாள். ஆனால் அவள் கண் இரண்டாவது வரிசையை விட்டு நகரவில்லை. அங்கே அம்மா உட்கார்ந்திருந்தாள். திருச்சியிலிருந்து காலை ரயிலில் வந்தவள், மாம்பழக் கலர் பட்டு, நடுவகிடு, மடியில் கைப்பை. அம்மாவுக்குப் பக்கத்து நாற்காலியில், போயும் போயும், ருக்குமணிப் பெரியத்தை. மாமியாருக்கு அக்கா. எந்த விசேஷத்திலும் வாய் சும்மா இருக்காது, யாரையாவது எதையாவது செய்யச் சொல்லிக்கொண்டே இருக்கும். நல்ல மனுஷிதான், அதுதான் ஆபத்து. கெட்ட மனுஷியாக இருந்தால் அம்மாவிடம் பேசியே இருக்க மாட்டாள். இப்போது அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு என்னவோ கேட்கிறாள். அம்மா சிரிக்கிறாள். என்ன கேட்கிறாள்? பாட்டைப் பற்றித்தான் கேட்பாள். பாட்டு டீச்சரிடம் வேறு எதைக் கேட்பது? கேட்டுவிடக் கூடாதே, பாடச் சொல்லிவிடக் கூடாதே என்று வினோதினி வேண்டிக்கொண்டாள். உள்ளே பிள்ளை வேறு புரண்டது. அம்மா வாயைத் திறந்து ஒரு வரி பாடினால் போதும், தான் சொன்ன பொய் இந்த மண்டபத்தின் நடுவில் வந்து நின்றுவிடும். அம்மா எந்தக் காலத்திலும் யாருக்கும் பாட்டுச் சொல்லிக்கொடுத்ததில்லை. அம்மா பாட்டுக்காரி.

அந்த வார்த்தையை மனசுக்குள் சொல்லும்போதுகூட அவளுக்குக் குரல் தாழ்ந்துதான் வரும். உறையூரில் அவர்கள் இருந்த தெருவில் அது ஒரு விலாசம். "பாட்டுக்காரி வீடா? நேராப் போயி அந்த முக்குல திரும்புங்க." பால்காரர் சொல்வார், கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவர் சொல்வார், யாரும் கேவலமாகச் சொல்லவில்லை. பூ விற்றால் பூக்காரி, தயிர் விற்றால் தயிர்க்காரி, அந்தக் கணக்குத்தான். அப்பாவுக்கு லேத் பட்டறையில் வேலை. அவரை யாரும் பட்டறைக்காரர் என்று கூப்பிடவில்லை, பாட்டுக்காரி வீட்டுக்காரர் என்றுதான் சொன்னார்கள், அவரும் சிரித்துக்கொண்டே போனார். வினோதினிக்குத்தான் அது முள்ளாகத் தைத்தது. பாட்டுக்காரி மக என்றால் ஏன் பின்னாலிருந்து ஒரு விசில் வர வேண்டும்? வக்கீல் மக போனால் யாராவது சட்டப் புத்தகம் படித்துக் காட்டுகிறானா? அதே பாட்டைச் சினிமாவுக்குப் பாடிக் கொடுத்தவள் பாடகி. சபாவில் பாடுகிறவள் வித்வாம்சினி. டிவியில் பல் விழுந்த பிள்ளைகூட மேடையேறினால் இளம் பாடகர், அதற்குக் கிரீடம் வேறு. அம்மா இருபது வயதிலிருந்து பொன்மாலை இன்னிசைக் குழுவில் பாடினாள். குழுக்காரர்கள் அவளை சிங்கர் என்பார்கள், போஸ்டரில் உறையூர் ராஜகுமாரி என்று போடுவார்கள், வெளியே வந்தால் பாட்டுக்காரி. கல்யாணத்துக்கு முன்னால், இப்போது புருஷனான தரணி முதன்முதலாக ஈரோட்டு வீட்டுக்குக் கூட்டிவந்த அன்று மாமியார் அவளைப் பக்கத்தில் உட்கார வைத்துக் காப்பி கொடுத்தார். பாசமாகத்தான் பேசினார். பேச்சுவாக்கில் ஊர்க் கோயில் திருவிழாவைப் பற்றிச் சொன்னார். "இந்த வருஷம் நாடகத்த நிறுத்திப்போட்டு எவளோ பாட்டுக்காரியக் கூட்டியாந்து ஆட உட்டுட்டாங் கண்ணு, கோயில்னு ஒரு மட்டுமரியாதை வேண்டாமா?" அடுத்த மூச்சிலேயே, "உங்கம்மா என்ன பண்றாங்க அம்மிணி?" என்றார். பாடகி என்று சொல்லியிருக்கலாம், எந்தப் படத்தில் என்று கேட்பார். ஆர்க்கெஸ்ட்ரா என்று சொல்லியிருக்கலாம், அது பாட்டுக்காரியைவிட மோசம். வாய் தானாகச் சொன்னது, "பாட்டு டீச்சருங்க." மாமியார் முகம் மலர்ந்தது. "அப்படியா, சரஸ்வதி கடாட்சம்" என்றார். எவ்வளவு சுலபமாக வந்தது! ஒத்திகை பார்த்த மாதிரி வந்தது. தரணிக்கு உண்மை தெரியும். அவன் காப்பித் தம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தான், அதற்குப் பிறகும் அதைப் பற்றி அவன் பேசவில்லை. அவன் திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். அன்று சாயந்திரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து அம்மாவுக்குப் போன் செய்து, "அங்க உன்ன பாட்டு டீச்சர்னு சொல்லிருக்கேம்மா" என்றாள். அம்மா கேட்டாள், "எந்த டீச்சர் பாப்பா? வாய்ப்பாட்டா, வீணையா? கேட்டா நான் மாத்திச் சொல்லிறப் போறேன்." கோபப்படவில்லை. பொய்யைச் சரியாகச் சொல்ல வேண்டுமே என்று கவலைப்பட்டாள். "வாய்ப்பாட்டுன்னே வச்சுக்க. பாடச் சொன்னா தொண்டை கட்டியிருக்குன்னு சொல்லிரு." "சரிப்பா" என்றாள் அம்மா. அந்தச் சரிப்பாவை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசியது.

அம்மாவுக்கு அந்த வார்த்தை உறுத்தவே இல்லை என்பதுதான் இவளுக்குப் பெரிய உறுத்தல். காலேஜ் படிக்கும்போது ஒரு தடவை, பாடகின்னு சொல்லிக்கயேம்மா, யார் வந்து தடுக்கப் போறா என்று கேட்டாள். அம்மா அப்போது முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். "பாடகின்னா பாட்டு அவுங்களோடதா இருக்கணும்டி. யாரோ பாடுன பாட்டத்தான நான் ஊரூரா எடுத்துட்டுப் போறேன். பூவப் பறிச்சவளா பூக்காரி? கொண்டாந்து குடுக்குறவதான் பூக்காரி. அதுமாதிரி நான் பாட்டுக்காரி. இதுல என்ன கொறஞ்சு போச்சு?" அப்படிச் சொல்லும்போது அவளிடம் ஒரு மிதப்புக்கூட இருந்தது. மிதப்பு எதற்கு? கடைசிப் பந்தியில் சாப்பிடுகிறவளுக்கு என்ன மிதப்பு வேண்டிக்கிடக்கிறது என்று இவளுக்கு ஆத்திரமாக வந்தது. ஆமாம், கடைசிப் பந்தி. எந்தக் கல்யாண ரிசப்ஷனிலும் பாட்டுக்காரர்களுக்குக் கடைசிப் பந்திதான். பெண்வீடு, மாப்பிள்ளைவீடு, சிநேகிதர்கள், வந்தவர் போனவர் எல்லாரும் சாப்பிட்டு முடித்து, சமையல்காரர் கரண்டியால் அண்டாவைச் சுரண்டும்போதுதான் யாராவது வந்து, "பாட்டுக்காரங்கல்லாம் வாங்கப்பா" என்று கூப்பிடுவார்கள். சின்ன வயதில் வினோதினியும் அம்மாவோடு போவாள். பசி காதை அடைக்கும். சாப்பிட்டுவிட்டு வருகிறவர்கள் பீடாவை மென்றுகொண்டே மேடையைப் பார்த்து, அந்தப் பாட்டைப் பாடச் சொல்லு, இந்தப் பாட்டைப் பாடச் சொல்லு என்பார்கள். அம்மா காலையில் குடித்த காப்பியோடு நின்று பாடுவாள். ஒரு முறை மாப்பிள்ளையின் தங்கை இவளைச் சொந்தக்காரக் குழந்தை என்று நினைத்து முதல் பந்தியில் உட்கார வைத்துவிட்டாள். இலையில் பாயசம் விழுந்தது. பக்கத்தில் இருந்த அம்மாள், "நீ யாரு வீட்டுப் பொண்ணு?" என்று கேட்டாள். ஸ்பீக்கரில் அம்மாவின் குரல் மண்டபம் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தது. இவள் மாப்பிள்ளை வீடு என்றாள். அதையும் சுலபமாகத்தான் சொன்னாள். எண்ணிப் பார்த்தால் பொய் ஈரோட்டில் ஆரம்பிக்கவில்லை, பாயசத்தில் ஆரம்பித்தது. இந்தப் பெரிய உண்மையைக் கண்டுபிடித்து என்ன ஆகப்போகிறது? இன்னொரு அத்தை வந்து நின்றாள். வினோதினி கையை நீட்டினாள், பன்னீர் கண்ணில் பட்டு எரிந்தது. இரண்டாவது வரிசையில் ருக்குமணிப் பெரியத்தை எழுந்து நின்றுவிட்டாள்.

"ஏனுங் எல்லாரும் கொஞ்சம் பேச்ச நிறுத்துங்" என்று கையைத் தட்டினாள் பெரியத்தை. "பாட்டு டீச்சரையே பக்கத்துல வச்சுக்கிட்டு நாம ஊர்நாயம் பேசிட்டு இருக்கறோம். டீச்சரம்மா, மகளுக்கு ஒரு பாட்டுப் பாடுங்." அம்மா சொன்னபடியே சொன்னாள். "தொண்டை கட்டியிருக்குங்க." சொல்லிக்கொடுத்த வசனம், அச்சுப் பிசகவில்லை. "பாட்டு டீச்சருக்குத் தொண்டை கட்டறதாவது! சும்மா பாடுங், நாங்க என்ன மார்க்கா போடப் போறோம்?" எல்லாரும் சிரித்தார்கள். மாமியார்கூட, "பாடுங் சம்பந்தி, பொறக்கப் போறது காது குளிரக் கேக்கட்டும்" என்றார். அம்மா வினோதினியைப் பார்த்தாள். பாடட்டுமா என்று கேட்கிற பார்வை. வாழ்நாளெல்லாம் யாரிடமும் கேட்காமல் பாடியவள், இப்போது மகளிடம் கேட்கிறாள். வினோதினி குனிந்து கையில் இருந்த வளையல்களை ஒழுங்குபடுத்தினாள், அவை ஒழுங்காகத்தான் இருந்தன. வேண்டாம் என்று தலையாட்டியிருக்கலாம். பாடு என்றாவது ஆட்டியிருக்கலாம். அவள் நிமிர்ந்தபோது அம்மா எழுந்து நின்று தன் கையிலிருந்த கண்ணாடி வளையல்களைக் கழற்றிக் கைப்பையில் போட்டுக்கொண்டிருந்தாள். "ஐயோ, வளைகாப்பு வூட்டுல வளையலக் கழட்டறாங்களே" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. அம்மாவுக்கு அப்போதுதான் உறைத்தது போலிருக்கிறது, கை பையிலேயே நின்றது. ஏன் கழற்றினாள் என்று இந்த மண்டபத்தில் வினோதினிக்கு மட்டும்தான் தெரியும். மைக்கைப் பிடிக்கிற கையில் கண்ணாடி வளையல் இருந்தால் குலுங்குகிற சத்தமெல்லாம் ஸ்பீக்கரில் வரும். மேடையேறுமுன் கழற்றிப் பையில் போடுவது அவளுக்கு மூச்சு விடுகிற மாதிரி. இங்கே மைக் ஏது? கைக்கு அது தெரியவில்லை. டீச்சர் எதற்கு வளையலைக் கழற்றுகிறாள் என்று யாராவது கேட்பார்களா? மாமியார் கேட்பாரோ? வினோதினிக்குக் காது மடல் சுட்டது. அம்மாவைப் பார்த்து வந்த வெட்கமா, தன்னைப் பார்த்து வந்ததா என்று அவளால் பிரிக்க முடியவில்லை. யாரும் கேட்கவில்லை. அம்மா ஒரு கணம் இடது பக்கம் திரும்பிப் பார்த்தாள், கீபோர்டு வாசிக்கிறவர் எப்போதும் அந்தப் பக்கம்தான் நிற்பார். அங்கே தண்ணீர்க் கேன் இருந்தது. அப்புறம் பாட ஆரம்பித்தாள்.

கீர்த்தனை பாடுவாளோ என்று ஒரு நப்பாசை இருந்தது, சாமி பாட்டாவது பாடுவாள் என்று இருந்தது. அம்மா எடுத்தது ஒரு பழைய படத்துத் தாலாட்டு. உறையூர் வீட்டு அடுப்படியில் குழம்பு கொதிக்கும்போது பாடுகிற பாட்டு. முதல் வரியிலேயே மண்டபம் அடங்கியது, தாம்பாளத்தில் வெற்றிலை அடுக்கிக்கொண்டிருந்தவள்கூடக் கையை நிறுத்திவிட்டாள். குரல் கொஞ்சம் கரகரத்திருந்தது, இருந்தாலும் அந்த வளைவு, அந்த இழைவு எல்லாம் அப்படியே இருந்தன. நன்றாகப் பாடுகிறாளே, டீச்சர்தான் என்று நினைத்துக்கொள்வார்கள், தப்பித்தோம் என்று வினோதினி மூச்சு விட்டாள். நன்றாகப் பாடுகிறாள் என்று சந்தோஷப்படத் தோன்றவில்லை, தப்பித்தோம் என்று தோன்றியது. பல்லவி முடிந்தது. அம்மா நிறுத்தினாள். கண் பாதி மூடியிருந்தது, முகத்தில் ஒரு சிறு சிரிப்பு. வலது கை விரல்கள் மட்டும் புடவை மடிப்பின்மேல் மெல்லத் தட்டிக்கொண்டிருந்தன. பெண்கள் காத்திருந்தார்கள். ஒருத்தி கை தட்டப் போய், முடியவில்லையோ என்று கையைக் கீழே போட்டாள். வினோதினிக்குத் தெரியும், இப்போது வயலின்கள் போய்க்கொண்டிருக்கின்றன. அம்மாவின் தலைக்குள் மொத்தக் குழுவும் வாசித்துக்கொண்டிருக்கிறது. பல்லவிக்கும் சரணத்துக்கும் நடுவில் வாத்தியங்கள் மட்டும் வருகிற இடம், குழுவில் பிஜிஎம் என்பார்கள். அந்த இடத்தை விழுங்கிவிட்டு நேரே சரணத்துக்குப் போக மேடைப் பாட்டுக்காரிக்கு வராது. வீட்டில் பாடும் எந்தப் பெண்ணும், எந்தப் பாட்டு டீச்சரும் தாண்டிப் போய்விடுவார்கள். அம்மா நிற்பாள். வயலின் முடியும், தபலா ஒரு உருட்டு உருட்டும், அப்புறம் புல்லாங்குழல் வரும். அந்தப் புல்லாங்குழல் முடிகிற இடத்தைப் பிடித்துக்கொண்டுதான் சரணம். அடுப்படியில் அந்தப் புல்லாங்குழல் யார்? வினோதினிதான். நாலு வயதிலிருந்து அவள்தான். வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டே உதட்டைக் குவித்து அதைப் பாடுவாள், அம்மா கரண்டியோடு திரும்பி, "சபாஷ் பாப்பா" என்று சொல்லிக்கொண்டே சரணத்தில் ஏறுவாள். இப்போதும் அவள் தொண்டைக்குள் அது தயாராக நின்றது, முதல் சுரம் நாக்கு நுனிக்கே வந்துவிட்டது. உதட்டைக் குவித்தால் போதும். குவித்தால் என்ன ஆகும்? இதென்ன கண்ணு, இதெல்லாம் உனக்கெப்படித் தெரியும் என்பார்கள். சொல்ல வேண்டியிருக்கும். சொன்னால்தான் என்ன, தலையா போய்விடும்? தலை போகாது, மாமியாரின் முகம் போகும், சரஸ்வதி கடாட்சம் போகும். இன்றைக்கு வேண்டாம், இத்தனை பேருக்கு முன்னால் வேண்டாம், இன்னொரு நாள் நிதானமாகச் சொல்லிக்கொள்ளலாம். சந்தனம் கன்னத்தை இழுக்கிறது, உதட்டைக் குவிக்க முடியாது. இப்படியெல்லாம் சாக்குத் தேடிக்கொண்டிருக்கும்போதே புல்லாங்குழல் வரவேண்டிய இடம் வந்தது. அம்மாவின் விரல்கள் நின்றன. யாரும் வாசிக்கவில்லை. அந்த மௌனத்தில் வினோதினி அசைந்ததில் கை வளையல்கள் மட்டும் கலகலத்தன. "மறந்து போச்சாட்ட இருக்குது" என்றாள் ருக்குமணிப் பெரியத்தை, குரலில் பரிவுதான் இருந்தது. அம்மா கண்ணைத் திறந்தாள். நேரே வினோதினியைப் பார்த்தாள். அப்புறம் பெரியத்தையிடம் திரும்பி, "ஆமாங்க, வயசாயிருச்சுல்ல, மறந்துபோச்சு" என்றாள். அம்மாவா? காய்ச்சலில் நின்றும் ஒரு வரியை விட்டதில்லை அவள். எந்த ஊரில் எந்தப் பாட்டைக் கேட்டாலும் ஒரு கணம்கூட யோசிக்காமல் எடுத்துப் பாடியவள், மறந்துபோச்சு என்று சிரித்துக்கொண்டு நிற்கிறாள். "பாட்டு டீச்சருக்கே பாட்டு மறந்துபோச்சு பாருங்" என்று யாரோ சொல்ல, மண்டபமே சிரித்தது, சிரித்துக்கொண்டே கை தட்டியது. வினோதினியும் மற்றவர்களோடு சேர்ந்து தட்டினாள். கை நிறைய வளையல் இருந்ததால் அவள் தட்டியதுதான் அதிகமாகச் சத்தம் போட்டது. தட்டிக்கொண்டிருக்கும்போதே, இப்போது செத்துப்போனால் தேவலை என்று நினைத்தாள்.

கடைசியாக அம்மா வளையல் போட வந்தாள். பெண்கள் சேலையை உதறிக்கொண்டு எழ ஆரம்பித்திருந்தார்கள், பக்கத்துக் கூடத்தில் இலை போடுகிற சத்தம் கேட்டது. அம்மா எதிரில் உட்கார்ந்து, வினோதினியின் கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு, கட்டைவிரலை உள்ளே மடக்கி, வலிக்காமல் வளையலை ஏற்றினாள். கழற்றிய அவளுடைய வளையல்கள் இன்னும் பையில்தான் இருந்தன, மணிக்கட்டு மொட்டையாக இருந்தது. கிட்டத்தில் பார்த்தபோது நெற்றியோரம் வியர்த்திருந்தது. வினோதினிக்கு அழுகை வந்தது, வந்தால் சந்தனம் கரையும், எல்லாரும் பார்ப்பார்கள், அதற்கும் பயந்தாள். "அம்மா" என்றாள், அம்மாவுக்கு மட்டும் கேட்கிற மாதிரி. "புல்லாங்குழல நான் எடுத்திருக்கணும்." அம்மா அடுத்த வளையலை எடுத்தாள், பச்சையில் பொன்புள்ளி வைத்தது. அதைத் துடைத்தாள். கோபமில்லை, குத்தலும் இல்லை, உப்பு குறைச்சல் என்று சொல்கிற மாதிரிதான் சொன்னாள். "நீ எடுப்பேன்னுதான் பாப்பா நின்னேன்." வளையல் இறங்கி மற்றவற்றோடு சேர்ந்தது. வினோதினி என்னவோ சொல்ல வாயெடுத்தாள், மன்னிப்பா, சமாதானமா, அவளுக்கே தெரியாது. அதற்குள் சாப்பாட்டுக் கூடத்து வாசலிலிருந்து மாமியார் கூப்பிட்டார். "டீச்சரம்மா, வாங் சம்பந்தி, மொதப் பந்தியில உங்களுக்குத்தான் எலை போட்டிருக்குது." இத்தனை வருஷம் எத்தனையோ மண்டபத்தில் பாடியவளுக்கு முதல் பந்தி. போகாதே, அது உன் பெயரில்லை என்று கத்த வேண்டும் போலிருந்தது வினோதினிக்கு. டீச்சரம்மா என்ற அந்த முதல் குரலுக்கே அம்மா திரும்பினாள். "இதோ வந்துட்டேங்க" என்று கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள்.